கடற்பாசியும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும்

வெள்ளகோவிலில் துணி வணிகர் ஒருவரின் மேசையைப் பார்த்தால், அங்கே சிறு சட்டம் ஒன்றில் பொருத்திய ஒரு கண்ணாடி இருக்கும். அவர் அதைத் துணியின்மேல் வைத்துக் குனிந்து பார்ப்பார். ஓர் அங்குலத்தில் பாவு இழை எத்தனை, ஊடை இழை எத்தனை என்று எண்ணிச் சொல்லிவிடுவார். துணியின் தரமும் விலையும் அந்த எண்ணிக்கையைப் பொறுத்தவை. விசைத்தறி ஓசை ஓயாத நம் பகுதியில் இது அன்றாடக் காட்சி.

இந்தக் கண்ணாடியிலிருந்துதான் நுண்ணுயிரியலின் வரலாறு தொடங்குகிறது என்று சொன்னால் மாணவ நண்பர்கள் வியப்படையலாம். ஆனால் அது உண்மையே. ஆலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த ஆண்டன் வான் லீவன்ஹூக் (1632-1723) ஒரு துணி வணிகர். பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்காதவர். அக்காலத் துணி வணிகர்கள் இழைகளைச் சோதிக்கக் கண்ணாடி வில்லைகளைப் பயன்படுத்தி வந்தனர். லீவன்ஹூக்கோ கடுகளவே உள்ள வில்லைகளைத் தாமே தேய்த்துச் செய்தார். அவற்றுள் சில, பொருள்களை 200 மடங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டின. 1676 ஆம் ஆண்டு இலண்டன் ராயல் கழகத்திற்கு எழுதிய கடிதத்தில், மிளகு ஊறிய நீரில் நீந்தும் மிகச் சிறிய உயிர்களைப் பற்றி விவரித்தார். 1683 ஆம் ஆண்டு, தம் பல்லிடுக்கில் இருந்த வெண்ணிற அழுக்கைச் சுரண்டிப் பார்த்து, அதிலும் அத்தகைய உயிர்கள் இருப்பதை எழுதினார். மனிதன் பாக்டீரியாக்களைக் கண்ணால் கண்டது அப்போதுதான்.

கண்டாயிற்று. ஆனால் அவற்றைத் தனித்தனியே பிரித்து வளர்த்து, ‘இது இன்னது’ என்று அடையாளம் சொல்ல மனிதனுக்கு மேலும் இருநூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. ஏன் இவ்வளவு தாமதம்? தடையை நீக்கிய பொருள் எது? அப்பொருளுக்கும் நம் இராமநாதபுரம் கடற்கரைக்கும் என்ன தொடர்பு? இவற்றையே இக்கட்டுரையில் காண்போம்.

கைகழுவச் சொன்ன மருத்துவர்

தாமதத்தின் விலை என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 1847 ஆம் ஆண்டு வியன்னா நகரின் பெரிய மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர் பணியாற்றி வந்தார். அங்கே இரு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பயிலும் முதற்பிரிவில், பிள்ளை பெற்ற தாய்மார் காய்ச்சல் கண்டு மடிவது மிகுதி. மருத்துவச்சிகள் பணியாற்றிய இரண்டாம் பிரிவில் அது குறைவு. மாணவர்கள் பிணச் சோதனை அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வருவதே காரணம் என்று செம்மல்வைஸ் முடிவு செய்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவிய பிறகே உள்ளே வரவேண்டும் என்று கட்டளையிட்டார். 1847 ஏப்ரலில் முதற்பிரிவில் நூற்றுக்கு 18 தாய்மார் இறந்தனர். ஜூன் மாதத்தில் அது ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது.

இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும் மருத்துவ உலகில் பலர் அவரை ஏற்கவில்லை. ‘கண்ணுக்குத் தூய்மையாகத் தெரியும் எங்கள் கைகளில் என்ன இருக்கிறது?’ என்று அவர்கள் கேட்டபோது, காட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. எண்கள் இருந்தன, கண்முன் நிறுத்தும் சான்று இல்லை. 1865 ஆம் ஆண்டு அவர் மனநலக் காப்பகம் ஒன்றில் உயிர் நீத்தார். கழுவாத விரலையும் கழுவிய விரலையும் பதித்த இரண்டு தட்டுகள் அவர் கையில் இருந்திருந்தால் எத்தனை தாய்மார் பிழைத்திருப்பார்கள்! அத்தகைய தட்டு அன்று உலகில் எங்கும் இல்லை.

நீரில் வளர்ப்பதில் என்ன குறை?

நுண்ணுயிர்களை வளர்க்கவே அன்று யாருக்கும் தெரியாது என்று எண்ணிவிட வேண்டாம். லூயி பாஸ்டர் போன்ற அறிஞர்கள் இறைச்சிச் சாற்றிலும் சர்க்கரைக் கரைசலிலும் அவற்றை வளர்த்தனர். ஆனால் நீர்மத்தில் ஒரு தொல்லை உண்டு. நம்மூர்ச் சந்தை நாளை நினைத்துப் பாருங்கள். பத்து ஊர்க்காரர்கள் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நடமாடுகிறார்கள். எந்த ஊர்க்காரர் எத்தனை பேர் என்று எப்படி எண்ணுவது? நீர்மத்தில் விழுந்த பாக்டீரியாக்களும் அப்படியே. வளர்ந்தபின் கரைசல் கலங்கும், அவ்வளவே. அந்தக் கலங்கலில் எத்தனை இனங்கள் இருக்கின்றன என்று அறிய வழியில்லை.

மாறாக, வயலில் விதை தெளித்ததை நினைத்துப் பாருங்கள். எந்த விதை எங்கே விழுந்ததோ அங்கேதான் முளைக்கும். ஒரு பாக்டீரியா அசையமுடியாதபடி ஒரு திண்மப் பரப்பில் விழுந்தால், அதன் சந்ததி முழுவதும் அந்த இடத்திலேயே குவியும். அந்தக் குவியலைக் குடியிருப்பு என்பர்.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பாக்டீரியா ஒன்றின் நீளம் ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் சில பங்குகள் வரை இருக்கும். நம் வெறுங்கண், மில்லி மீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்குக் குறைந்த பொருளைத் தெளிவாகப் பிரித்தறிவதில்லை. ஆகவே தனி ஒரு பாக்டீரியா நம் கண்ணுக்கு அகப்படாது. ஆனால் நல்ல உணவும் வெப்பமும் கிடைத்தால், சில இனங்கள் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். ஏழு மணி நேரத்தில் 21 முறை பிளந்தால் கிடைப்பது 20,97,152. பத்து மணி நேரத்தில் 30 முறை பிளந்தால் நூறு கோடிக்கு மேல். இப்போது அது குண்டூசித் தலையளவு புள்ளியாகக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒளியியல் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் இதை நான் வில்லையில்லாத நுண்ணோக்கி என்றே மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம். கண்ணாடி வில்லை உருவத்தைப் பெரிதாக்குகிறது. திண்ம வளர்தளமோ எண்ணிக்கையைப் பெரிதாக்குகிறது. இரண்டின் பயனும் காணாததைக் காண்பதே.

களியும் கிழங்கும்

திண்ம வளர்தளத்தை மனிதனுக்கு முதலில் காட்டியது சமையலறைதான். 1819 ஆம் ஆண்டு இத்தாலியில் பதுவா நகரை அடுத்த ஒரு சிற்றூரில், மக்காச்சோளக் களியின்மேல் இரத்தம் போன்ற சிவப்புப் புள்ளிகள் தோன்றின. பேயின் வேலை என்று மக்கள் அஞ்சினர். பார்த்தலோமியோ பிசியோ என்ற மருந்தியலார் அக்களியின் ஒரு துணுக்கை எடுத்துப் புதிய களியில் வைத்தார். ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் அதுவும் சிவந்தது. இது ஓர் உயிரின் வேலையே என்று அவர் காட்டினார். இன்று செரேஷியா மார்செசென்ஸ் என வழங்கும் பாக்டீரியா அது.

ஜெர்மனி நாட்டு மருத்துவரான இராபர்ட் காக் (1843-1910), வேகவைத்து வெட்டிய உருளைக்கிழங்குத் துண்டில் வெவ்வேறு நிறப் புள்ளிகள் தனித்தனியே வளர்வதை ஆராய்ந்தார். அவருக்கு முன்பே ஷ்ரோட்டர் என்பவரும் கிழங்குத் துண்டில் வண்ண வண்ணக் குடியிருப்புகளை வளர்த்திருந்தார். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே இனம் மட்டுமே இருப்பதை நுண்ணோக்கியில் கண்ட காக், இதன் முழுப் பொருளையும் உணர்ந்துகொண்டார். ஆனால் எல்லாப் பாக்டீரியாவும் கிழங்கில் வளர்வதில்லை. கிழங்கின் ஊடே ஒளியும் செல்லாது. ஆகவே இறைச்சிச் சாற்றில் ஜெலட்டினைக் கலந்து, கண்ணாடித் தகட்டில் ஊற்றி உறையவைக்கும் முறையை வகுத்தார். 1881 ஆம் ஆண்டு இலண்டனில் கூடிய அனைத்துலக மருத்துவ மாநாட்டில் இதைச் செய்து காட்டினார். பாஸ்டரும் அங்கே வந்திருந்தார்.

எங்கள் ஜெலட்டின் உருகிய கதை

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் இயற்பியல் ஆசிரியன். நுண்ணுயிரியல் என் துறை அன்று. எங்கள் கல்லூரி அறிவியல் மன்றத்தில், ‘அன்றாடம் நாம் தொடும் பொருள்களில் என்ன வாழ்கிறது?’ என்று கண்டறிய மாணவர்கள் விரும்பினார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். காக் செய்ததை அப்படியே செய்து பார்ப்போம் என்று நானும் இசைந்தேன். அடுமனைக்குப் பொருள் விற்கும் கடையில் ஜெலட்டின் தூள் வாங்கி வந்தோம். உருளைக்கிழங்கு வேகவைத்த நீரில் சிறிது சர்க்கரையும் ஜெலட்டினும் சேர்த்துக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றினோம். குளிர்பதனப் பெட்டியில் வைத்ததும் அழகாக உறைந்தது. அடுத்த நாள் காலை பேருந்துக் கைப்பிடி, தறி விசை, கைப்பேசி, பத்து ரூபாய்த் தாள் ஆகியவற்றிலிருந்து பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்துத் தட்டுகளில் தடவி, ஆய்வகத்து மேசையில் அடுக்கினோம்.

அது ஏப்ரல் மாதம். நண்பகலில் ஆய்வகத்து வெப்பமானி 37 டிகிரி செல்சியசைக் காட்டியது. தட்டுகளைப் பார்த்தால் எல்லாம் தண்ணீர்! தடவிய கோடும் இல்லை, உறைந்த பரப்பும் இல்லை. பிழை என்னுடையதே. ஜெலட்டின் 30 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. ஐரோப்பியக் குளிரில் எழுதிய செய்முறையை வெள்ளகோவில் வெயிலில் அப்படியே செய்யப் புகுந்தேன்.

மாணவர்கள் முகம் வாடி நின்றார்கள். அப்போது பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “சார், எங்க வீட்டுல நோன்பு மாசத்துல கடற்பாசி காய்ச்சுவோமுங்க. பாலு, சக்கரை போட்டுக் காய்ச்சித் தட்டுல ஊத்தி வெச்சா, எந்த வெயிலுக்கும் அது உருகாதுங்க. அதைப் போட்டுப் பார்க்கலாங்களா?”

நான் திகைத்துப் போனேன். அவள் சொன்ன கருத்தால் மட்டும் அன்று. அதே கருத்து, அதே காரணத்திற்காக, ஒரு பெண்ணின் வாயிலிருந்து 1881 ஆம் ஆண்டிலும் வந்திருந்தது என்பதை நான் படித்திருந்தேன், படித்தும் மறந்திருந்தேன்.

ஃபேனி ஹெஸ்ஸியின் சமையலறை

வால்டர் ஹெஸ்ஸி என்பவர் ஜெர்மனியில் சாக்சனிப் பகுதியைச் சேர்ந்த மருத்துவர். காற்றில் மிதக்கும் நுண்ணுயிர்களை எண்ண முயன்றவர். காக்கின் ஆய்வகத்தில் பயிற்சி பெற்று, உட்புறம் ஜெலட்டின் பூசிய கண்ணாடிக் குழாய்களின் வழியே காற்றைச் செலுத்திச் சோதித்து வந்தார். கோடை வந்ததும் ஜெலட்டின் உருகியது. உருகாத நாட்களிலும் தொல்லைதான். ஜெலட்டின் விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் புரதம். பல பாக்டீரியாக்கள் அதையே தின்று கரைத்து நீராக்கிவிடும்.

அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸி (1850-1934) நியூயார்க்கில் பிறந்து வளர்ந்தவர். கணவரின் ஆய்வுகளில் உதவி செய்ததோடு, அவருடைய கட்டுரைகளுக்கு வண்ணப் படங்களும் வரைந்து தந்தவர். ‘நீ செய்யும் பழக்கூழ் மட்டும் கோடையிலும் உருகாமல் இருக்கிறதே, எப்படி?’ என்று கணவர் ஒருநாள் கேட்டார். ‘அதில் அகர்-அகர் சேர்த்திருக்கிறேன்’ என்றார் ஃபேனி. ஜாவாத் தீவில் வாழ்ந்து நியூயார்க்கில் குடியேறிய டச்சுக் குடும்பத்தார் அவருக்குச் சிறுவயதில் கற்றுத் தந்தது அது. அகர்-அகர் என்பது மலாய் மொழிச் சொல். நம்மவர் கடற்பாசி என்று சொல்லி வாங்குவதும் இதே பொருளைத்தான்.

வால்டர் சோதித்துப் பார்த்தார், வெற்றி கிடைத்தது. காக்கிற்கு எழுதினார். 1882 ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று, காசநோயின் காரணம் ஒரு பாக்டீரியாவே என்று பெர்லினில் காக் அறிவித்தார். அதையொட்டி வெளியான கட்டுரையில் அகர் பற்றி ஒரு குறிப்பு உண்டு. ஆனால் அதை யார் சொன்னார் என்ற குறிப்பு இல்லை. ஹெஸ்ஸி தம்பதியர் இதனால் பொருள் ஏதும் ஈட்டவில்லை, உரிமையும் கோரவில்லை. 1939 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் இருவர் இவ்வரலாற்றை விரிவாக எழுதிய பிறகே ஃபேனியின் பங்கு பரவலாகத் தெரியவந்தது. அப்போது அவர் மறைந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. காக்கின் உதவியாளராக இருந்த ரிச்சர்ட் பெட்ரி, 1887 ஆம் ஆண்டில் வகுத்த மூடியுள்ள வட்டத் தட்டு பெட்ரி தட்டு என்று உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்தத் தட்டில் ஊற்றும் பொருளுக்கு ஃபேனியின் பெயர் இல்லை.

உருகுவது ஒரு வெப்பம், உறைவது ஒரு வெப்பம்

அகர் அப்படி என்ன சிறப்புடையது? பனிக்கட்டி 0 டிகிரியில் உருகும். நீர் அதே 0 டிகிரியில் உறையும். அகர் அப்படியன்று. உறைந்த அகரை உருக்க 85 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். ஆனால் உருகியதை ஆறவிட்டால் 40 டிகிரி அளவுக்கு இறங்கும் வரை அது நீர்மமாகவே இருக்கும். போகும் வழி ஒன்று, திரும்பும் வழி வேறொன்று. காந்தவியல் படித்த மாணவர்கள் இரும்பின் தயக்க வளைவை நினைத்துக்கொள்ளலாம்.

இதனால் விளையும் நன்மைகளைப் பாருங்கள். கொதிக்கவைத்துத் தூய்மை செய்த அகரைக் கை பொறுக்கும் சூட்டிலும் ஊற்ற முடிகிறது. உறைந்த பின், மனித உடலின் வெப்பமான 37 டிகிரியில் நாள்கணக்கில் வைத்தாலும் அது உருகுவதில்லை. மேலும் இது மாவுப்பொருள் வகையைச் சார்ந்த நீண்ட சங்கிலி மூலக்கூறு. கடலில் வாழும் சில இனங்கள் நீங்கலாகப் பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு இதைச் செரிக்கத் தெரியாது. நூறு மில்லி லிட்டர் நீருக்கு ஒன்றரை கிராம் இருந்தால் போதும். ஒளியும் ஊடுருவும். இத்தனை குணங்களும் ஒருங்கே அமைந்த வேறொரு பொருள் எளிதில் கிடைக்காததால், நூற்று நாற்பது ஆண்டுகள் கடந்தும் ஆய்வகங்களில் அதுவே ஆட்சி செய்கிறது.

கல்கத்தாவில் காக்

திண்ம வளர்தளத்தின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. காலராவின் காரணத்தைத் தேடி எகிப்து சென்ற காக், அங்கிருந்து 1883 டிசம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தார். இறந்த நோயாளிகளின் குடலில் காற்புள்ளி போல் வளைந்த ஒரு பாக்டீரியாவை அவர் கண்டார். இத்தாலியரான பச்சினி 1854 ஆம் ஆண்டிலேயே அதை நுண்ணோக்கியில் பார்த்திருந்தார். ஆனால் அதைத் தனியே பிரித்து வளர்க்க அவரிடம் வழியில்லை. காக் ஜெலட்டின் தகட்டில் அதை வளர்த்து, உடைந்த கண்ணாடித் துகள் போல் மின்னும் அதன் குடியிருப்பை 1884 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அடையாளம் கண்டார். நகரின் புறப்பகுதியில் காலரா பரவிய ஒரு குளத்தின் நீரிலும் அதே உயிரைக் கண்டுபிடித்தார். மக்கள் அந்தக் குளத்திலேயே குளித்தனர், துணி துவைத்தனர், அதன் நீரையே குடித்தனர். அவர் அங்கே பணியாற்றியது குளிர்காலத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஜெலட்டினை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பது எங்களுக்குத் தெரியும்!

அந்த உயிர் எப்படிக் கொல்கிறது என்ற கேள்விக்கு விடை தந்தவரும் கல்கத்தாக்காரரே. சம்புநாத் டே என்னும் இந்திய அறிவியலறிஞர், அப்பாக்டீரியா சுரக்கும் நஞ்சே நோய்க்குக் காரணம் என்று முயல்களின் குடலில் செய்த சோதனைகள் மூலம் 1959 ஆம் ஆண்டு நிறுவினார்.

மன்னார் வளைகுடாவில்

கடையில் வாங்கும் கடற்பாசி எங்கிருந்து வருகிறது? நெடுங்காலம் வரை ஜப்பானே உலகுக்கு அகர் வழங்கியது. பதினேழாம் நூற்றாண்டில் ஒரு விடுதிக்காரர் வெளியே கொட்டிய பாசிக்கூழ் இரவுப் பனியில் உறைந்து, பகலில் நீர் வடிந்து காய்ந்து சருகானதைக் கண்டு இத்தொழில் பிறந்தது என்று அங்கே செவிவழிக் கதை வழங்குகிறது. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியதும் நேச நாடுகளுக்கு அகர் வரத்து நின்றது. தடுப்பூசித் தயாரிப்பும் நோய் கண்டறிதலும் தடைபடும் நிலை. பல நாடுகள் தத்தம் கரைகளில் பாசி தேடத் தொடங்கின. இந்தியாவும் தேடியது.

நம் தேடல் மன்னார் வளைகுடாவில் நிலைகொண்டது. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று நம் கடற்கரை மக்கள் பெயரிட்டு அழைக்கும் இரு பாசிகளும் அகர் தருபவை. பின்னதைக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் இருந்ததாலேயே அப்பெயர். 1947 ஆம் ஆண்டு தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் இயங்கியபோது, அங்கே பணியாற்றிய பிரான்செஸ்கா திவி என்ற பெண் அறிவியலறிஞர் கடற்பாசிகளை விரிவாக ஆராய்ந்தார். கஞ்சிப் பாசியிலிருந்து குடிசைத் தொழிலாகவே அகர் எடுக்கும் முறையையும் அவர் வகுத்தார். 1960களின் நடுவிலிருந்து இக்கரையில் வணிக அளவில் பாசி எடுத்தல் வளர்ந்தது. மதுரை வட்டாரத்தில் அகர் ஆலைகள் தோன்றின.

பாசியைக் கடலில் இறங்கிப் பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பாம்பன், இராமேசுவரம் பகுதித் தீவுகளைச் சுற்றி, பாறைகள் கிழிக்காதபடி விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கிப் பறிக்கிறார்கள். 1986 ஆம் ஆண்டு இத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, அவர்களுடைய பிழைப்புக்கும் பாதுகாப்பு விதிகளுக்கும் இடையே இழுபறி எழுந்தது. மருத்துவமனை ஆய்வகத்தில் ஒரு நோயாளியின் தொண்டைச் சளியைத் தட்டில் தடவும்போது, அந்தத் தட்டின் பின்னே இத்தகைய கைகளும் உண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

எங்கள் தட்டுகள் காட்டியவை

மாணவி சொன்னபடியே செய்தோம். மளிகைக் கடைக் கடற்பாசி, உருளைக்கிழங்கு நீர், சர்க்கரை. எல்லாவற்றையும் அழுத்தக் கொதிகலனில் அதாவது குக்கரில் வைத்துத் தூய்மை செய்து, மூடியுள்ள தட்டுகளில் ஊற்றினோம். மேசையிலேயே உறைந்தது. மறுநாள் 37 டிகிரி வெயிலிலும் உருகவில்லை.

மூன்றாம் நாள் காட்சி இது. பேருந்துக் கைப்பிடித் தட்டில் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள். ரூபாய்த் தாள் தட்டில் நெருக்கமான புள்ளிகளோடு கரும்பூசணம் ஒன்றும் படர்ந்திருந்தது. கஞ்சி போட்ட பாவு நூலின் துண்டு ஒன்றை வைத்திருந்தோம்; அது முழுவதும் பூசணம் பூத்திருந்தது. இது தறிக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதிதன்று. மழைக்காலத்தில் கிடங்கில் தேங்கிய பாவில் கறை விழுவதை அவர்கள் பார்த்தவர்கள். கஞ்சி என்பது நூலுக்கு வலிமை தருவது மட்டுமன்று, பூசணத்துக்கு விருந்தும் ஆகும் என்பது அன்று விளங்கியது. பழைய நெசவு முறைகளில் கஞ்சியுடன் சிறிது மயில்துத்தம் சேர்த்ததன் காரணமும் விளங்கியது.

கழுவாத விரலைப் பதித்த தட்டில் எண்ணமுடியாத புள்ளிகள். வெறும் நீரில் நனைத்த விரலைப் பதித்த தட்டும் ஏறத்தாழ அப்படியே. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்த விரலின் தட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய புள்ளிகளே. செம்மல்வைசிடம் இல்லாத சான்று அது.

எதையும் தடவாமல் மூடி வைத்த ஒரு தட்டும் இருந்தது. அதிலும் இரண்டு புள்ளிகள்! மாணவர்கள் சோர்ந்தனர். உண்மையில் அதுவே பெரிய பாடம். ஊற்றும்போது காற்றிலிருந்து விழுந்தவை அவை. மற்றத் தட்டுகளிலும் ஒன்றிரண்டு அவ்வாறே வந்திருக்கலாம் என்று கழித்துப் பார்க்க அத்தட்டு இல்லாவிட்டால் வழியில்லை.

இன்னொரு பாடமும் உண்டு. தட்டில் வளராதது அங்கே இல்லை என்று பொருளில்லை. மண்ணிலும் நீரிலும் நுண்ணோக்கி காட்டும் பாக்டீரியாக்களில், நூற்றில் ஒன்று அளவே வழக்கமான தட்டுகளில் வளர்கிறது என்பது பொதுவான மதிப்பீடு. மற்றவற்றுக்கு நம் உணவும் வெப்பமும் ஒத்துவருவதில்லை. அதேபோல, வளர்ந்த புள்ளிகள் எல்லாம் நோய்க்கிருமிகளும் அல்ல. அவற்றில் பெரும்பாலானவை நம் தோலிலும் காற்றிலும் மண்ணிலும் தீங்கின்றி வாழ்பவை. நிறத்தைப் பார்த்து இனத்தைச் சொல்லிவிட முடியாது. அதற்குப் பயிற்சி வேண்டும்.

செய்து பார்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை

இச்சோதனையை ஆசிரியர் துணையுடன் மட்டுமே செய்ய வேண்டும். எச்சில், புண், கழிப்பிடம் இவற்றிலிருந்து எதையும் எடுக்கலாகாது. தடவிய உடனே தட்டை மூடி, ஓரத்தில் ஒட்டுநாடா ஒட்டிவிட வேண்டும். அதன்பின் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. மூடியின் வழியாகவே பார்க்க வேண்டும். அறை வெப்பமே போதும். உடல் வெப்பத்தில் வளர்த்தால் உடலுக்குத் தீங்கு செய்பவையும் செழிக்கக்கூடும். நாங்கள் செய்தது சித்திரை வெயிலில். அதைவிட மார்கழியில் செய்வதே நல்லது. பார்த்து முடிந்ததும் தட்டுகளைத் திறக்காமலே குக்கரில் அரை மணி நேரம் வேகவைத்த பிறகே எறிய வேண்டும். குக்கருக்குள் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காவதால் நீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 121 டிகிரி வரை செல்கிறது. வெறும் கொதிநீரில் பிழைக்கும் வித்துகளும் அதில் மடிகின்றன. இதற்கென ஒதுக்கிய குக்கரைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. இறுதியில் சோப்பிட்டுக் கைகழுவுதல் வேண்டும். அதன் காரணத்தை இனி யாரும் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அறிவியல் மன்றத்தின் பதிவேட்டில் இச்சோதனையை எழுதும் பொறுப்பு ஒரு மாணவனிடம் இருந்தது. தேதி, இடம், வெப்பநிலை எல்லாம் எழுதி, ‘வளர்தளம்: கடற்பாசி’ என்று முடித்திருந்தான். நான் பதிவேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “யோசனை சொன்னவர் பெயரையும் எழுதப்பா” என்றேன். எழுதினான். காக்கின் கட்டுரையில் விடுபட்டுப்போன ஒரு வரி எங்கள் பதிவேட்டில் இருக்கிறது.